இட் என்றால் யார்

எனக்கு முன்னால் பத்துப் பேர், ஆக எனக்கு வருவது பதினோராவது வாக்கியம். வாத்தியார்களுக்கான இந்தச் சனிக்கிழமைப் பயிற்சியில் ஆளுக்கு ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். கதவோரத்து முதல் பெஞ்சில் மூன்று பேர், அதற்குப் பின்னால் மூன்று பேர், அதற்கும் பின்னால் இரண்டு பேரும் ஒரு பையும். பையின் சொந்தக்காரர் வெளியே போயிருக்கிறார், வருவாரா, அப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டாரா தெரியவில்லை. பிறகு என் பெஞ்சில் எனக்கு முன்னால் தர்மராஜ் சார். பையை எண்ணினால் நான் பதினொன்று, எண்ணாவிட்டால் பத்து. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் இதைச் செய்யும்போது என் கண்ணுக்குத் தப்பவே தப்பாது. உதடு மட்டும் அசையும், விரல் பெஞ்சுக்கு அடியில் ஒவ்வொன்றாக மடியும். "என்னல, ஆள் எண்ணுதியா?" என்று கேட்டுவிட்டு நடுவில் நாலு பேரைத் தாண்டி அவனை எழுப்பிவிடுவேன், அவன் முழிக்கிற முழியைப் பார்த்து வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன். இப்போது என் விரல் பெஞ்சுக்கு அடியில் மடிந்துகொண்டிருக்கிறது. வயது ஐம்பத்திரண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சு, முழங்கால் டெஸ்க்கில் இடிக்கிறது, வேட்டி கட்டி வந்திருக்கலாம், பயிற்சிக்கு வேட்டியில் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் இங்கிலீஷ் வாத்தியார் என்றால் பேண்ட் போட வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்ற சொல் இன்று காலையிலிருந்து அடிக்கடி வருகிறது. இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேர் என்னைப் போல்தான், இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, இங்கிலீஷ் என்றால் பதவி உயர்வு சீக்கிரம் வரும் என்று யாரோ சொல்ல, தபாலில் பி.ஏ. படித்து, உயர்வும் வாங்கி, உயர்நிலை வகுப்புகளுக்கு இங்கிலீஷ் நடத்துகிறவர்கள். நடத்தியும் விட்டோம். பிள்ளைகள் பாஸும் ஆகிவிட்டார்கள். அப்புறம் என்ன பயம் என்று என்னையே கேட்கிறேன், கேட்டுவிட்டு மறுபடி ஆள் எண்ணுகிறேன்.

பதினோராவது வாக்கியம், தே மேட் ஹிம் த கேப்டன். அவர்கள் அவனைக் கேப்டன் ஆக்கினார்கள். சுலபம். எழுவாய்க்கு எஸ், வினைக்கு வி, செயப்படுபொருளுக்கு ஓ, அந்தப் பொருள் என்னவாக ஆனது என்று சொல்லுகிற சொல்லுக்கு சி, ஆக எஸ் வி ஓ சி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன், எத்தனையோ வருஷமாக இதே கேப்டனைத்தான் கரும்பலகையில் எழுதி வருகிறேன், அவனும் சலிக்காமல் கேப்டன் ஆகிக்கொண்டே இருக்கிறான். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற வழி ஒன்றுதான், வினையைப் பிடி, 'என்ன' என்று கேள், பதில் வந்தால் அது ஓ. சரி, மேட் என்ன? கேப்டன். அப்படியானால் கேப்டன்தானே ஓ? இல்லை, ஹிம்தான் ஓ, கேப்டன் சி. ஏன்? அவனும் கேப்டனும் ஒரே ஆள் என்பதால். சரி, ஷி மேட் மீ டீ என்றால்? அவள் எனக்கு டீ போட்டாள். நானும் டீயும் ஒன்றல்ல, அதனால் அங்கே இரண்டு ஓ. ஆனால் ஷி மேட் மீ எ ஃபூல் என்றால் நானும் முட்டாளும் ஒரே ஆள், அதனால் சி. என் மனைவி பொன்செல்வி எனக்கு டீ போட்டாள், பொன்செல்வி என்னை முட்டாள் ஆக்கினாள், இரண்டையும் ஒரே காலையில், ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு செய்தாள், இங்கிலீஷில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி வரிசையில் நிற்கிறது, ஆனால் எழுத்து வேறு. இது எப்படி ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியும்? எனக்கே இப்போது புரிந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது. முந்தாநாள்வரை புரிந்திருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம்வரை எல்லாமே புரிந்திருந்தது. அன்றைக்குத்தான் சுபி வந்து நின்றாள், என் மகள் சுபிக்ஷா, பத்தாவது படிக்கிறாள், அவள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் பிரசவ லீவில் இருக்கிறார், அதனால் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவாள். "எப்பா, இட் இஸ் ரெய்னிங்னா எஸ் வி தான?" என்றாள். ஆமா என்றேன். "இஸ் ரெய்னிங் வி. இட் எஸ். அந்த இட்னா யாருப்பா?" என்றாள். யாருன்னா? என்றேன். "மழை பெய்யுதுன்னு நம்ம சொன்னா மழை பெய்யுது. இங்கிலீஷ்ல யாரு பெய்யுதா?" இட் இஸ் ரெய்னிங் ஒன்றாம் வகுப்புப் பாடம், குடை பிடித்த பிள்ளை படம் போட்டிருக்கும், அதை நான் ஆயிரம் தடவை படித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்த இட்டைத் திரும்பிப் பார்த்ததில்லை, பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்காருகிற ஆளின் பேர் தெரியாத மாதிரி. எங்கள் ஊரோ வானம் பார்த்த பூமி, வருஷத்தில் நாலு நாள் மழை பெய்தால் பெரிய விஷயம், அந்த நாலு நாள் மழைக்கு இப்படி ஒரு கேள்வி. "அதெல்லாம் பரீட்சைல கேக்க மாட்டாவ, போயி டென்ஸப் படி" என்று சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தாலாவது கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம், சாதாரணமாகத்தான் போனாள், அதுதான் உறுத்துகிறது. நேற்று ராத்திரி முழுக்க என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. நானே போய் "என்ன படிக்க?" என்றேன். "படிச்சிட்டேம்ப்பா" என்றாள்.

மூன்றாவது பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். இல்லை, இரண்டாவது பெஞ்சின் கடைசி ஆள். சபீனா மேடம் கருத்தாளர், எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், என் வயதில் பாதிதான் இருப்பார், காலையில் வந்ததும் எல்லாரையும் எழுப்பி நிறுத்திக் கையைக் காலை ஆட்டச் சொன்னார், உற்சாகம் வருமாம். சரியாகச் சொன்னவருக்குப் பூக் கைதட்டல், இரண்டு கையையும் மேலே தூக்கிப் பூ விரிகிற மாதிரி விரித்துக் காட்டுவது. ஐம்பது வயது ஆட்கள் எல்லாம் கையை விரித்துக்கொண்டு நிற்கிறோம். அதை விடுங்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம், எனக்கு ஒரு பெஞ்சு முன்னால் கிரேஸ் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் இப்போது என் பிரச்சினை. காலையில் நான் வண்டியை எடுக்கும்போது பொன்செல்வி உள்ளேயிருந்து, "சுபிய திங்கக்கெழமலருந்து இங்கிலீசுக்கு டியூசன் சேக்கலாம்னு இருக்கேன், அவதான் கேக்கா" என்றாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. இங்கிலீஷ் வாத்தியார் மகள் இங்கிலீஷ் டியூஷனுக்குப் போகிறாள். டாக்டர் மகன் வேறு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இதைச் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள், ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள், என் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள். "யாருட்ட?" என்று கேட்டேன். "கிரேஸ் டீச்சர் வீட்லதான்." அந்த டியூஷன் போர்டில் இருக்கிற பேர் டீச்சரின் வீட்டுக்காரர் பேர், உள்ளே நடத்துவது யார் என்று தெருவுக்கே தெரியும், கவர்மெண்டுக்கு மட்டும் தெரியாது. "பேசிட்டியா?" என்று கேட்டேன். பொன்செல்வி மிக்ஸியைப் போட்டுவிட்டாள். இன்னொரு தடவை கேட்டேன். தேங்காய் அரைபடுகிற சத்தம்தான் வந்தது. அப்படியே கிளம்பி வந்துவிட்டேன், வழியெல்லாம் அதே கேள்வி, பேசிவிட்டாளா பேசவில்லையா. வந்ததும் கிரேஸ் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அது என்ன சிரிப்பு? சாதாரணமாக ஒரு ஆள் வந்தால் சிரிக்கிற சிரிப்பா, உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியும் என்கிற சிரிப்பா? டீ இடைவேளையில் பேச வந்து பேசாமல் போனார். அது என்ன? இப்போது மறுபடி திரும்பிப் பார்க்கிறார், நான் பார்த்ததும் சட்டென்று பேப்பரைப் பார்க்கிறார். தெரிந்திருக்கிறது. தெரியாவிட்டால் ஏன் திரும்ப வேண்டும்? ஒருவேளை எனக்குப் பின்னால் இருக்கிற மின்விசிறி சுவிட்சைப் பார்க்கிறாரோ? திரும்பிச் சுவிட்சைப் பார்க்கிறேன். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதில் பெரிய வேடிக்கை, எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, சுபி மேலும் வரவில்லை, பொன்செல்வி மேல் கொஞ்சம் வருகிறது, அது எப்போதும் வருவது. எனக்கு வருகிறது பயம். நாலு பேர் சிரிப்பார்கள் என்பதுகூட இரண்டாவதுதான். சந்தேகம் என்றால் ஓடி வருகிற பிள்ளை, அ, ஆ எழுதியதிலிருந்து என் சைக்கிள் முன் கம்பியில் உட்கார்ந்து போர்டு போர்டாக வாசித்துக்கொண்டு வந்த பிள்ளை, இந்த ஆளிடம் கேட்டுப் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். கட்டிவிட்டாளா? இரண்டு நாளில் ஒரு பிள்ளை அப்படி முடிவு கட்டுமா? கட்டாமலா டியூஷன் கேட்டாள்?

பையின் சொந்தக்காரர் வந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு பையை நகர்த்திவிட்டு உட்காருகிறார். நல்லது, கணக்கு சரி, நான் பதினொன்று, கேப்டன் எனக்குத்தான். எஸ் வி ஓ சி, எஸ் வி ஓ சி. தர்மராஜ் சார் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். எழுந்து, ஒற்றை விரலைக் காட்டிவிட்டு வெளியே போகிறார். அடப் பாவி மனுஷா, எட்டாவது ஆள் பதில் சொல்லும்போது பாத்ரூமா? இதையும் நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன், முறை நெருங்க நெருங்கத்தான் பிள்ளைகளுக்கு முட்டும். இப்போது நான் பத்தாவது. பத்தாவது வாக்கியம் என்ன? பேப்பர் எங்கே? இருக்கிறது, கையில்தான் இருக்கிறது. த டாக் பார்க்ட் லவுட்லி. நாய் சத்தமாகக் குரைத்தது. எஸ் வி, அப்புறம் லவுட்லி. பார்க்ட் என்ன? லவுட்லி. அப்போது ஓ-வா? இல்லை, அது எப்படிக் குரைத்தது, எங்கே எப்போது எப்படி என்றால் ஏ. எஸ் வி ஏ. இல்லை சி-யா? நாயும் சத்தமும் ஒன்றா? ஒன்றில்லை. ஏ-தான். ஏ-தானே? இந்தச் சனியன் பிடித்த எழுத்துகள். "நெக்ஸ்ட், சார்" என்கிறார் சபீனா மேடம். எழுந்து நிற்கிறேன், முழங்கால் டெஸ்க்கில் இடிக்கிறது, வாக்கியத்தை வாசிக்கிறேன், எஸ் வி ஏ என்கிறேன், எப்படி நடத்துவீங்க சார் என்கிறார், 'எப்படி' என்று கேட்கச் சொல்லி நடத்துவேன் மேடம் என்கிறேன். "சூப்பர் சார், சாருக்கு ஒரு பூக் கைதட்டல்." எல்லார் கையும் மேலே போய் விரிகிறது. கிரேஸ் டீச்சரின் கையும் விரிகிறது. முடிந்தது. உட்காரலாம். இனி சாயங்காலம்வரை என் பக்கம் யாரும் வர மாட்டார்கள், மதியம் பிரியாணி என்று சொன்னார்கள், சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். கால் மடியவில்லை. "சார், உக்காருங்க" என்கிறார் மேடம். உட்காரு என்கிறது புத்தி. கிரேஸ் டீச்சர் என்னையே பார்க்கிறார். எல்லாரும் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை அவள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் என்னிடம் எதற்கு வரப்போகிறாள், வர மாட்டாள், காலேஜ் போவாள், வேலைக்குப் போவாள், "படிச்சிட்டேம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். "மேடம், ஒரு டவுட்டு" என்று யாரோ சொல்கிறார்கள். என் குரல்தான். "இட் இஸ் ரெய்னிங்ல, இட்னா யாரு மேடம்?"

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன், சிரிப்பு வரவில்லை. சபீனா மேடம், "இட்னா... அது சப்ஜெக்ட் சார்" என்றார். "அது தெரியும் மேடம். யாரு அது?" என்றேன். "வானந்தான் சார்" என்றார் முதல் பெஞ்சில் ஒருவர். "வானம் எப்படிப் பெய்யும், மேகம்லா பெய்யும்" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். "இயற்கைன்னு வச்சிக்கிடலாம்." "கடவுள்னு எங்க சார் சொல்லிக்கொடுத்தாவ." "கடவுள்னா ஹி தான வரணும், இட் எப்படி வரும்?" பின்னாலிருந்து ஒரு இளைஞர், "அது யாருமே இல்ல சார். எழுவாய் எடம் சும்மா கெடக்கக் கூடாதுன்னு ஒண்ண வச்சிருக்காங்க, அவ்ளோதான்" என்றார். "யாருமில்லாத ஒண்ணுக்கு எஸ் போட்டு மார்க்கு வேற குடுக்கோமா?" என்று ஒரு அம்மா சண்டைக்குப் போனார். அந்த இளைஞர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது, ஆனால் கடவுள் என்றதும் சரி என்றுதான் பட்டது, மேகமும் சரியாகத்தான் இருந்தது, ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல எனக்கு முன்பைவிடக் குழம்பியது. தர்மராஜ் சார் திரும்பி வந்து வாசலில் நின்று என்ன கலவரம் என்று பார்த்தார். சபீனா மேடம் தன் கையேட்டைப் புரட்டினார், முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார், கடைசியில் மூடிவிட்டு, "எனக்கும் சரியா சொல்லத் தெரியல சார். கேட்டுச் சொல்றேன்" என்றார். அவர் முகம் சிவந்துவிட்டது, எனக்குப் பாவமாக இருந்தது. அப்போதுதான் கிரேஸ் டீச்சர் நடைபாதையைத் தாண்டி என் பக்கம் சாய்ந்தார். "சார், இது சுபி கேட்டதுதான? நேத்து சாயங்காலம் அவ அம்மா கூட்டிட்டு வந்தாவ. வந்ததும் என்கிட்ட இதத்தான் கேட்டா." "நீங்க என்ன சொன்னீய?" என்றேன். "என்னத்தச் சொல்ல? எனக்கு எங்க தெரியும். இதெல்லாம் அப்புறம் பாக்கலாம், சேந்த பெறகு பாக்கலாம்னு சமாளிச்சேன். அவ வீட்ல போயி சொல்லியிருப்பா, நீங்க இங்க வச்சு எதாவது கேட்டுருவீயளோன்னு காலைல இருந்து உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, ஆனால் சிரித்து முடித்ததும் வேறொன்று புரிந்தது. என் பிள்ளை இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாசலில் நின்றிருக்கிறாள். இரண்டு வாசலிலிருந்தும் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

சாப்பாட்டுக்கு விட்டதும் வேப்பமரத்துப் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டேன். சுபிதான் எடுத்தாள், "அம்மா கடைக்குப் போயிருக்காவ" என்றாள். உன்கிட்டத்தான் பேசணும் என்றேன். அதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையிடம் பேச எஸ் எங்கே வி எங்கே என்று தேடிக்கொண்டு நின்றேன். "அந்த இட் யாருன்னு கேட்டல்லா? எனக்குத் தெரியாது சுபி. அன்னைக்கே தெரியாது. பரீட்சைக்கு வராதுன்னு சொன்னது சும்மா" என்றேன். "இன்னைக்கு இங்க எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுக் கேட்டேன். அவ்வளவு பேரும் வாத்தியாருங்க. பாடம் எடுக்க வந்த மேடத்துக்கும் தெரியல. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுதாவ, சண்டையே வந்துட்டு. கிரேஸ் டீச்சரும் தெரியலன்னுட்டாவ. நீ டியூசன் போறதுன்னா போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரியாதுங்கத உன்கிட்டச் சொல்லணும்னு தோணிச்சு." போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எப்பா, நெசமாவே யாருக்கும் தெரியலையா?"

"ஆமா."

"நாந்தான் மக்குன்னு நெனச்சேம்ப்பா" என்றாள். "எல்லாருக்கும் தெரிஞ்சத நா மட்டும் கேக்கேன்னு நெனச்சேன். எனக்குச் சொல்லிக்குடுக்கவே உங்களுக்கு வெக்கமா இருக்குன்னு நெனச்சேன். அதான் டியூசன் கேட்டேன்."